பூச்சந்தை ஊரில் உலகத் திரை: ஒரு பழைய கேள்வியும் அதன் பதில்களும்

உலகத் திரைப்பட விழா என்றதும் நினைவில் வருபவை சென்னை, கோவா, திருவனந்தபுரம். நிலக்கோட்டை வராது. திண்டுக்கல் மாவட்டச் சமவெளியில், மதுரையிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான பேருந்துத் தொலைவில் இருக்கும் இந்தப் பேரூராட்சியை வெளியூர்க்காரர்கள் அறிந்திருந்தால் மல்லிகையாலும் பூச்சந்தையாலும்தான் அறிந்திருப்பார்கள். இத்தாலியப் படம், ஈரானியப் படம், சிங்களப் படம், பெரிய கம்பெனிகளின் கைபடாத தமிழ்ப் படம் எல்லாம் சேர்ந்த மூன்று நாள் விழா ஒன்றை இப்படிப்பட்ட ஊரில் ஊர்க்காரர்களே நடத்துவதென்றால், அது யாருக்கான விழா? படங்களை யார் தேர்ந்தெடுப்பது? அரங்கில் வந்து உட்காருபவருக்கு அதனால் ஆவது என்ன?

இந்தியாவில் இந்தக் கேள்விக்கு முக்கால் நூற்றாண்டு வயது. பதில்களும் நிறையவே குவிந்திருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை எந்தப் படத்தைக் காட்டுவது என்பதைச் சுற்றியே நிற்கின்றன. யார், எந்த நேரத்தில், எந்தக் கூரையின் கீழ், எந்த மொழியின் துணையோடு பார்ப்பது என்பது போதிய கவனம் பெறவில்லை. நிலக்கோட்டை போன்ற ஊரை முன்னே வைத்துப் பார்த்தால் இந்தக் குறை பளிச்சென்று தெரிகிறது.

ரசனையைப் பயிற்றும் சங்கம்

முதல் பதில் திரைப்படச் சங்கங்களுடையது. 1947-ல் சத்யஜித் ராய், சிதானந்த தாஸ்குப்தா முதலியோர் கல்கத்தா திரைப்படச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1952 ஜனவரியில் இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா பம்பாயில் தொடங்கி, சென்னை உட்பட மற்ற பெருநகரங்களுக்கும் போனது. விட்டோரியோ டிசிக்காவின் 'சைக்கிள் திருடர்கள்' அதில் காட்டப்பட்டது. ஸ்டூடியோவுக்கு வெளியே, தெருவில் வைத்தும் படம் எடுக்கலாம் என்ற தெம்பைப் பலருக்கு அது கொடுத்தது. 1957-ல் சென்னைத் திரைப்படச் சங்கம் தோன்றியது. 1959-ல் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பை அமைத்தன. ராய் தலைவர். துணைத் தலைவர்களில் ஒருவர் அம்மு சுவாமிநாதன்.

திண்டுக்கல் வாசகர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டும். 1952 பொதுத்தேர்தலில் திண்டுக்கல் தொகுதியிலிருந்து மக்களவைக்குப் போனவர் இவர்தான். ஆனால் அவர் பங்கெடுத்த சங்க இயக்கம் பெருநகர இயக்கமாகவே வளர்ந்தது. படங்கள் பெரும்பாலும் வெளிநாட்டுத் தூதரகங்கள் வழியாகவும் அவற்றின் பண்பாட்டு மையங்கள் வழியாகவும் வந்தன. துணைவசனம் ஆங்கிலத்தில் ஓடியது. உறுப்பினராகச் சந்தா கட்ட வேண்டும். அறிமுகக் குறிப்பும் ஆங்கிலத்தில், படம் முடிந்தபின் விவாதமும் ஆங்கிலத்தில்.

நல்ல படத்தைத் தொடர்ந்து பார்க்க வைத்தால் ரசனை மேம்படும், ரசனை மேம்பட்டால் நாட்டின் சினிமாவும் மேம்படும் என்பது இந்தத் தரப்பின் நம்பிக்கை. இதை அப்படியே தள்ளிவிட முடியாது. அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் 1965-ல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய சித்ரலேகா சங்கம் கேரளத்தின் சிறு ஊர்கள் வரை சங்கங்கள் பரவ வழிகாட்டியது. அங்கே பார்வையாளரும் உருவானார்கள், இயக்குநர்களும் உருவானார்கள்.

தமிழ்நாட்டில் அதே விதை அவ்வளவு முளைக்கவில்லை. காரணமாகப் பொதுவாகச் சொல்லப்படுவது வணிக சினிமாவின் பலம். திரைப்பட வரலாற்றாய்வாளர் தியடோர் பாஸ்கரன் தம் நூல்களில் வேறொன்றைச் சுட்டிவந்திருக்கிறார்: படித்த வர்க்கம் நீண்டகாலம் சினிமாவையே தாழ்வாகப் பார்த்தது, அதனால் இங்கே விமர்சன மரபு வேர்பிடிக்கத் தாமதமாயிற்று. இரண்டாவது காரணமே வலுவானதாகப் படுகிறது. சங்கங்களின் உள்ளேயும் சிக்கல் இருந்தது. எழுபதுகளில் உறுப்பினர் சேர்க்கை கூடியதற்குத் தணிக்கை ஆகாத வெளிநாட்டுப் படங்கள் மீதான ஆர்வமும் ஒரு காரணம் என்பதைச் சங்க இயக்கத்தின் முன்னோடிகளே கசப்போடு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

1959-ல்தான் நிலக்கோட்டை வட்டத்தைச் சேர்ந்த வத்தலக்குண்டுக்காரரான சி.சு. செல்லப்பா 'எழுத்து' இதழையும் தொடங்கினார். சிறுபத்திரிகைக்கும் சிறு வட்டம்தான், அதற்கும் மேட்டிமைப் பழி வந்தது. ஆனாலும் அது தமிழில் நடந்தது. செல்லப்பா புத்தகப் பையைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக நடந்தார். திரைப்படச் சங்கத்துக்கு அப்படி ஒரு நடை தமிழ்நாட்டில் வாய்க்கப் பல ஆண்டுகள் ஆயின.

ஊரைத் திரட்டும் திரை

இரண்டாவது பதில் அப்படிப்பட்ட ஊர் ஊரான நடையிலிருந்து பிறந்தது. தமிழில் 'அக்ரஹாரத்தில் கழுதை' (1977) எடுத்த ஜான் ஆப்ரகாம் 1984-ல் கோழிக்கோட்டில் நண்பர்களோடு ஒடேசா என்ற கூட்டமைப்பைத் தொடங்கினார். ஊர் ஊராகப் போய் மக்களிடம் காசு திரட்டி 'அம்ம அறியான்' (1986) எடுக்கப்பட்டது. படத்துக்குப் பணம் போட்டவர்களே அதன் பார்வையாளர்கள். ரசனையைப் பயிற்றுவிப்பவர், பயில்பவர் என்ற பிரிவை இந்த ஏற்பாடு ஏற்கவில்லை.

நிலக்கோட்டைக்குப் பக்கத்தில் இந்த மரபுக்குக் கிடைக்கும் முதன்மையான சான்று மதுரை. ஆவணப்பட இயக்குநர் ஆர்.பி. அமுதன் 'மறுபக்கம்' அமைப்பின் வழியே 1998 முதல் அங்கே சர்வதேச ஆவணப்பட, குறும்பட விழாவை நடத்திவருகிறார். 2004-ல் மும்பை சர்வதேச விழா இந்திய ஆவணப்படங்களுக்குத் தணிக்கைச் சான்றிதழ் கேட்டபோது, இயக்குநர்கள் 'விகல்ப்' என்று மாற்று விழா எடுத்தார்கள். சான்றிதழ், பெருநிதி இரண்டையும் நம்பாத திரையிடலுக்கு அது நாடு தழுவிய ஊக்கம் தந்தது. கோரக்பூரில் 2006-ல் தொடங்கிய 'எதிர்ப்பின் சினிமா' விழாக்கள் பார்வையாளர் நன்கொடையிலேயே நடப்பதைக் கொள்கையாக வைத்துக்கொண்டன. தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம் புதுக்கோட்டை போன்ற நகரங்களில் பல நாள் உலகத் திரைப்பட விழாக்களை நடத்தியிருக்கிறது. 'நிழல்' ப. திருநாவுக்கரசு ஊர் ஊராகக் குறும்படப் பயிற்சிப் பட்டறைகள் நடத்தினார். கோவையின் கோணங்கள் திரைப்படச் சங்கம் போன்றவை ஓசையில்லாமல் தொடர்ந்தன. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம், முதல் மலையாளப் படத்தின் நாயகியும் அதில் நடித்ததற்காகச் சாதி வெறியர்களால் விரட்டப்பட்டவருமான பி.கே. ரோசியின் பெயரில் சென்னையில் விழா எடுக்கிறது. தேர்வுக்குழுவில் இதுவரை யார் உட்கார்ந்திருந்தார்கள் என்ற கேள்வியை அந்தப் பெயரே எழுப்பிவிடுகிறது.

இந்தத் தரப்பின் சாதனை பெரிது. பலவீனங்களும் உண்டு. பொருள் முக்கியம் என்பதால் வடிவத்தைக் கண்டுகொள்ளாத தேர்வுகள் நேர்கின்றன. நல்ல நோக்கமுள்ள சுமாரான படம் மேடையேறுகிறது. ஏற்கெனவே உடன்படுபவர்களே மறுபடி மறுபடி வந்து உட்காருகிறார்கள். பார்வையாளரை நம் பக்கம் இழுக்கவேண்டிய ஆளாகப் பார்க்கும் பழக்கம், அவரை மாணவராகப் பார்த்த பழைய சங்கப் பழக்கத்திலிருந்து வெகுதூரம் விலகிவிடவில்லை என்றும் வாதிடலாம்.

இடர் இன்னொரு பக்கமிருந்தும் வருகிறது. மலம் அள்ளும் தொழிலாளர்களைப் பற்றிய திவ்யபாரதியின் 'கக்கூஸ்' (2017) ஆவணப்படத்தைத் திரையிடக் காவல்துறை தடைபோட்டது, படம் யூடியூப் வழியே மக்களிடம் போனது. பெருநகர விழாவுக்குத் தணிக்கை விலக்கு வாங்கித் தர அலுவலகம் இருக்கிறது. பேரூராட்சிக் குழுவுக்கு இருப்பது காவல் நிலையத்தில் கொடுக்கும் ஒரு மனு மட்டுமே.

அரசின் கை

மூன்றாவது பதில், இது பொது நூலகம் போல அரசின் கடமை என்பது. கேரளம் அதன் முன்மாதிரி: 1996-ல் தொடங்கிய சர்வதேச விழா, 1998-ல் அமைந்த சலச்சித்ர அகாடமி, மண்டல விழாக்கள். நிலையான பணமும் நிலையான தேதியும் கிடைப்பது இதன் ஆதாயம். சங்கிலியும் கூடவே வரும். 2017-ல் திருவனந்தபுரம் ஆவணப்பட விழாவில் மூன்று படங்களுக்கு ஒன்றிய அரசு தணிக்கை விலக்கு மறுத்தது. தற்கொலை செய்துகொண்ட ஹைதராபாத் ஆய்வு மாணவர் ரோகித் வேமுலாவைப் பற்றிய படம் அவற்றில் ஒன்று.

தமிழ்நாட்டில் 2003 முதல் நடக்கும் சென்னை சர்வதேசத் திரைப்பட விழா மாநில அரசின் நிதியுதவியைப் பெற்றுவந்திருக்கிறது. அதன் பயன் சென்னைக்கு வர முடிந்தவர்களுக்கு. ஆனால் அதைவிடப் பரந்த ஒன்று சத்தமில்லாமல் நடந்தது. 2022-ல் பள்ளிக் கல்வித்துறை அரசுப் பள்ளிகளில் மாதந்தோறும் சிறார் திரைப்படம் காட்டும் திட்டத்தைத் தொடங்கியது. சாப்ளினின் 'தி கிட்' போன்ற படங்கள் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்குக் காட்டப்பட்டன. திரைப்பட விழா பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் இது ஏனோ கணக்கில் வருவதில்லை. பரப்பளவை வைத்துப் பார்த்தால் எந்தச் சர்வதேச விழாவும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. சென்னைக்கும் நிலக்கோட்டைக்கும் ஒரே படம், ஒரே திட்டம். பலன் அந்தந்தப் பள்ளியின் ஆசிரியரையும் புரொஜெக்டரையும் பொறுத்தது.

கைப்பேசி இருக்கிறதே

நான்காவது தரப்பு விழாவே தேவையில்லை என்கிறது. பர்மா பஜார் டிவிடிகளில் தொடங்கிய இந்த வாதம் இப்போது ஓடிடி வரை வந்துவிட்டது. ஆனந்த விகடனில் செழியன் எழுதிய உலக சினிமாத் தொடர், 'காட்சிப்பிழை', 'படச்சுருள்' போன்ற இதழ்கள் எல்லாம் திரையரங்கம் இல்லாத ஊர்களிலும் உலக சினிமா வாசகர்களை உருவாக்கின. படத்தைப் பார்ப்பதற்கு முன்பே அதன் கதையைப் படித்துவிட்ட தலைமுறை ஒன்று அப்படித்தான் வளர்ந்தது.

கிடைப்பது வேறு, போய்ச் சேர்வது வேறு என்பதற்குப் பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' நல்ல உதாரணம். மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கத்துப் பொட்டல் நிலத்தில் எடுத்த படம். 2021-ல் ரோட்டர்டாமில் டைகர் விருது வாங்கியது. இந்தியாவின் ஆஸ்கர் பரிந்துரையும் ஆனது. தமிழ்ப் பார்வையாளர்களுக்கோ பெரும்பாலும் ஓடிடி வழியாகவே வந்தது. குடிகார அப்பா, பள்ளிச் சீருடையில் மகன், இருவரும் கொதிக்கும் வெயிலில் ஊர் திரும்பி நடக்கிறார்கள். எலி பிடித்துச் சுட்டுத் தின்னும் குடும்பத்தைக் கடக்கிறார்கள். தாகத்துக்கு வாயில் போட்ட கூழாங்கல்லைப் பையன் வீட்டுக்கு வந்து ஏற்கெனவே குவிந்திருக்கும் கற்களோடு சேர்த்து வைக்கிறான். அந்தக் குவியலைக் கைப்பேசித் திரையில் ஒரு நொடியில் கடந்துவிடலாம். பெரிய திரையில், கூட்டத்தோடு உட்கார்ந்து பார்த்தால் அந்தப் பையன் எத்தனை முறை அப்படி நடந்திருப்பான் என்ற எண்ணம் வராமல் இருக்காது.

அதே மாலையில் 'சைக்கிள் திருடர்கள்' காட்டினால்? அங்கேயும் அப்பாவும் மகனும் நடக்கிறார்கள். வேலைக்குச் சைக்கிள் வேண்டுமென்று மனைவி வீட்டுப் படுக்கை விரிப்புகளைக் கொண்டுபோய் அடகு வைக்கிறாள். கடைக்காரர் அந்த மூட்டையை எடுத்துக்கொண்டு, கூரை வரை அடுக்கியிருக்கும் அதே மாதிரி மூட்டைகளின் மேல் ஏறி வைக்கிறார். அடகுக்கடைப் படி ஏறிய யாருக்கும் இந்தக் காட்சியில் விளக்கம் தேவைப்படாது. ரோமாபுரியும் மேலூரும் அடுத்தடுத்த காட்சிகளாக வருவதைத் திட்டமிட ஓர் ஆள் வேண்டும். அல்காரிதம் அந்த வேலையைச் செய்வதில்லை, பார்த்ததைப் போன்ற இன்னொன்றைத்தான் அது நீட்டுகிறது.

யார் பக்கத்தில் யார்

இலங்கைத் தமிழறிஞர் கா. சிவத்தம்பி 1981-ல் வெளியிட்ட தம் நூலில் முன்வைத்த கருத்தொன்று பலராலும் எடுத்தாளப்பட்டிருக்கிறது: தமிழர் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்த முதல் கலைக்கூடம் சினிமாக் கொட்டகை, அங்கே இடத்தைத் தீர்மானித்தது சாதிப்படிநிலை அல்ல, டிக்கெட் வாங்கும் சக்தி. 1905-ல் சாமிக்கண்ணு வின்சென்ட் புரொஜெக்டரோடு ஊர் சுற்றத் தொடங்கியது முதல் மணல் தரை, பெஞ்சு, நாற்காலி என்று வகுப்புப் பிரித்த டூரிங் டாக்கீஸ் வரை இதற்குச் சான்று சொல்லலாம். நடைமுறையில் எல்லா ஊரிலும் அவ்வளவு சுத்தமாக அது நடந்ததா என்பதில் ஆய்வாளர்களுக்குத் தயக்கமுண்டு. ஆனாலும் டிக்கெட் என்ற ஒன்று அந்த உரிமையைத் தந்தது.

சமூக விழாவில் டிக்கெட் இல்லை. கேட்க நன்றாக இருக்கும் இந்தச் செய்திக்குள் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. இலவசத் திரையிடலுக்கு இடம் வேண்டும். சிறு ஊர்களில் கிடைக்கும் கூடங்களில் கணிசமானவை ஏதாவதொரு சாதிச் சங்கத்தின் மண்டபம், அல்லது கோயிலைச் சார்ந்த கூடம். தனித்தொகுதியான நிலக்கோட்டையைச் சுற்றிய ஊர்களில், எந்த மண்டபத்தில் விழா என்று நோட்டீஸ் அடித்த உடனே யார் வருவார், யார் வரமாட்டார் என்பது பாதி முடிவாகிவிடக்கூடும். அரசுப் பள்ளி, நூலகம், பேருந்து நிலையத்துப் பொதுவெளி ஆகியவை இந்த வகையில் மேலானவை. வெளிச்சமும் சத்தமும் அங்கே வேறு பிரச்சினை. படத்தேர்வுக்குச் செலவாகும் விவாத நேரத்தில் கால்பங்கு இடத்தேர்வுக்குப் போனால் நல்லது.

நேரமும் அப்படித்தான். மல்லிகை மொட்டு விரிவதற்கு முன்பே பறித்தாக வேண்டும். பறிக்கப் போகும் பெண்கள் விடியுமுன் தோட்டத்தில் இருக்க வேண்டும். பெருநகர விழாக்களை அப்படியே பின்பற்றி இரவு ஒன்பது மணிக்கு முடிவுக் காட்சி வைத்தால் அவர்கள் வருவார்கள் என்று எதிர்பார்ப்பது கடினம். சந்தை அடங்கிய பின்மதியம் அவர்களுக்குத் தோதாக இருக்கலாம், ஆனால் அப்போது மாணவர்கள் வகுப்பில் இருப்பார்கள். விழா யாருக்கு என்ற பெரிய கேள்வி கடைசியில் அட்டவணையில்தான் விடை காண்கிறது.

படத்தோடு ஒரு குரல்

இதுவரை வந்த எல்லாத் தரப்புகளும் ஏறக்குறைய ஒன்றாகக் கைவிட்டுவிட்ட இடம் மொழி. தமிழ்நாட்டு விழாக்களில் வெளிநாட்டுப் படம் என்றால் இன்றும் பெரும்பாலும் ஆங்கிலத் துணைவசனம்தான். கேரளத்தில் எம்சோன் என்ற தன்னார்வக் குழு ஆயிரக்கணக்கான படங்களுக்கு மலையாளத் துணைவசனம் எழுதியிருக்கிறது. தமிழில் தனிமனித முயற்சிகள் உண்டு, அந்த அளவுக்கு ஒரு திரட்சி உருவாகவில்லை. உருவானாலும் வேகமாக எழுத்துக் கூட்டி வாசிக்க முடியாத முதியவர்கள் வெளியிலேயே நிற்பார்கள்.

பல பண்பாட்டு விழா என்ற பேச்சுக்கும் இங்கேதான் சோதனை. யாழ்ப்பாணத்தில் 2015-ல் அனோமா ராஜகருணாவின் முன்முயற்சியில் தொடங்கிய சர்வதேசத் திரைப்பட விழா, போருக்குப் பிந்தைய நகரில் தமிழ், சிங்களப் படைப்பாளிகளையும் பார்வையாளர்களையும் ஒரே அரங்கில் உட்கார வைக்க முயன்றது. அங்கே மொழிபெயர்ப்பு வசதிக்கான ஏற்பாடு மட்டுமல்ல, அரசியல் நிபந்தனை. யாருடைய மொழியில் துணைவசனம் ஓடுகிறதோ அவரே விருந்தாளி, மற்றவர் வேடிக்கை பார்ப்பவர் என்றாகிவிடும்.

மௌனப்படக் காலத்தில் தமிழ்நாட்டுக் கொட்டகைகளில் இதற்கு எளிய வழி இருந்தது. திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று எழுத்தட்டைகளை உரக்கப் படித்துக் கதையையும் விளக்குவார். ஜப்பானில் இதுவே 'பென்ஷி' என்ற பெரிய கலையாக வளர்ந்தது. அகிரா குரோசவாவின் அண்ணன் அந்தத் தொழிலில் இருந்தவர்தான். பேசும்படம் வந்ததும் பென்ஷிகள் வேலை இழந்தார்கள். ஆனால் உகாண்டாவின் கம்பாலா வீடியோக் கொட்டகைகளில் 'விஜே' எனப்படுவோர் இன்றும் அயல்மொழிப் படங்களுக்கு நேரடியாக லுகாண்டாவில் வசனம் பேசி, நடுவே கிண்டலும் அடித்துக் கூட்டத்தைக் கட்டிப்போடுகிறார்கள்.

சங்க மரபில் வளர்ந்தவர்களுக்கு இது அபச்சாரமாகத் தோன்றும். படத்தின் ஒலியும் மௌனமும் இயக்குநருடையவை, அவற்றின் மேல் இன்னொரு குரலைப் போர்த்தக் கூடாது என்பது அவர்கள் வாதம். நியாயம்தான். ரஷ்ய இயக்குநர் தர்கோவ்ஸ்கியின் படத்தில் யாரும் பேசாமல் இருப்பதே மேல். ஆனால் 'சைக்கிள் திருடர்கள்' போன்ற படத்துக்கு, வில்லுப்பாட்டும் தெருக்கூத்தும் தெரிந்த ஒரு நாட்டில், படத்துக்கு முன்பும் அவசியமான இடத்திலும் இரண்டொரு வரி சொல்லக்கூடிய ஊர்க்கலைஞர் ஒருவரை ஏன் முயன்று பார்க்கக் கூடாது? அப்பா சைக்கிள் திருடிப் பிடிபட்டு அறைவாங்கும் கடைசிக் கட்டத்தில் அவர் வாயை மூடிக்கொண்டால் போதும். மகன் அப்பாவின் கையைப் பிடிப்பது எல்லா மொழியிலும் ஒன்றே. இந்த வழி தரத்தைக் குறைக்கும் என்பவர்கள், புரியாத எழுத்து ஓடும் திரையின் முன் இரண்டு மணி நேரம் உட்காரவைப்பது எந்தத் தரம் என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

முடிவாகாத கணக்குகள்

ரசனைத் தரப்பும் இயக்கத் தரப்பும் தேர்வில் மோதிக்கொண்டாலும், நிலக்கோட்டை அளவிலான ஊரில் இரண்டும் சேர்ந்தேதான் இயங்க வேண்டியிருக்கும். ஆட்களும் பணமும் இரண்டு விழாவுக்குத் தேறாது. அரசுத் தரப்பின் வலிமை பள்ளிகளில் தெரிகிறது, அதே கை மாற்றுப் படங்களை எவ்வளவு தூரம் பொறுக்கும் என்பது உறுதியில்லை. ஓடிடி வாதம் தனிப் பார்வையாளருக்குப் பொருந்தும், ஊருக்குப் பொருந்தாது.

பணம் எங்கிருந்து வரும் என்பது முதல் கணக்கு. ஒடேசா வழியில் மக்கள் நிதி திரட்டினால் சுதந்திரம் உண்டு, தொடர்ச்சி இருக்குமா என்பது சந்தேகம். உள்ளூர் வணிகர்களிடம் போனால் பேனரில் பெயரும் மேடையில் நாற்காலியும் கேட்கப்படும், நாளடைவில் படத்தேர்விலும் கை வரலாம். திரையிடல் உரிமை அடுத்தது. டிவிடி காலத்தில் யாரும் அனுமதி கேட்கவில்லை. இப்போது உரிமையைக் கேட்டு வாங்கினால் வெளிநாட்டு விநியோகஸ்தர் சொல்லும் கட்டணத்தைப் பேரூராட்சிக் குழு தாங்காது, கேட்காமல் காட்டினால் சுயாதீன இயக்குநரின் வயிற்றில் அடித்ததாகும். தமிழ்ச் சுயாதீனப் படங்களை இயக்குநரையே அழைத்து, வழிச்செலவும் சிறு தொகையும் கொடுத்துக் காட்டுவது இப்போதைக்கு நேர்மையான வழியாகத் தெரிகிறது. அது மட்டுமே என்றால் உலக சினிமா என்ற பாதி காணாமல் போகும்.

பள்ளித் திட்டத்தின் பின்விளைவு மூன்றாவது. ஆறாம் வகுப்பில் சாப்ளினைப் பார்த்துச் சிரித்த பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்போடு அந்தத் திரையிலிருந்து இறங்கிவிடுகிறார்கள். பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வு, அதன்பின் கல்லூரியோ பூத்தோட்டமோ திருப்பூர் பஸ்ஸோ. அவர்கள் மறுபடி வந்து உட்காரும்படி ஊரில் ஒரு திரை இருந்தால் இத்தனை தரப்புகளில் எது சரி என்பதைப் பத்தாண்டுகளில் சோதித்துப் பார்க்கலாம். அந்தச் சோதனைக்கு முதலில் தேவை வருடாவருடம் தள்ளிப்போகாத ஒரு தேதி, யாரும் தயங்காமல் நுழையக்கூடிய ஒரு கூடம்.